உடைப்பதற்கென்றே கட்டிய இறக்கை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அருகமர்ந்த ஆன்றோர்களே! பெற்ற பிள்ளைகளை இந்த விமானத் தொழிற்சாலைக்குத் தந்துவிட்டு, அவர்கள் வீடு திரும்பும் நேரம் தெரியாமல் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்த தாய்மார்களே! பணிவான வணக்கம்.

பெற்றோர் சார்பில் பேச என்னை ஏற்றிவிட்டார்கள். நான் நாற்காலி செய்து விற்பவன். படித்தது பத்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே. (கைதட்டாதீர்கள், அது பெருமையில்லை!)

என் மகள் இங்கே இறக்கைப் பிரிவில் பொறியாளர். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

“ஏம்மா, ஒரு விமானம் வித்தா என்ன லாபம் நிக்கும்?”

“முதல் விமானம் கைமாறவே பத்து வருஷம் ஆகும்ப்பா. அதுவரைக்கும் செலவு மட்டும்தான். ஆர்டர் கொடுத்தவங்களே பாதியில வேண்டாம்னு போயிடலாம்.”

“போயிட்டா?”

“கம்பெனி காலி. நான் உங்க கடைக்கு பாலிஷ் போட வந்துடுவேன்.”

“வேண்டாம் தாயே, என் கடையும் காலியாயிடும்!”

அவையோரே! எஞ்சின் சொன்ன நாளில் வருமா? தெரியாது. எரிபொருள் விலை எங்கே நிற்கும்? தெரியாது. வாங்க ஆள் வருமா? அதுவும் தெரியாது. இத்தனை தெரியாதுகளின் மேல் ஒரு நிறுவனம் தன் முழுச் சொத்தையும் ஏற்றி வைக்குமா? வைத்தது ஐயா, வைத்தது!

பிறகு வந்தது இறக்கைச் சோதனை. பறக்கவே போகாத ஒரு விமானம், உடைப்பதற்கென்றே கட்டியது. இரும்புக் கைகள் இறக்கையை மேலே வளைக்கும். குறித்த அளவைத் தாங்கினால் பச்சை விளக்கு எரியும். அதற்குமுன் உடைந்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குக் கையில் பணமில்லை. குடும்பத்தார் நாங்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றோம்.

வளைந்தது, வில்லாய் வளைந்தது, கூரையைத் தொடுமோ என்று வளைந்தது! எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணில் பொலபொலவென்று நீர். அடுத்த நொடி, படார்!

“ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!” என்று அலறித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் ஓடி வந்தாள். “அப்பா, பச்சை எரிஞ்சுது! தாங்கிடுச்சு! அப்புறம்தான் உடைச்சாங்க. எழுந்திரிங்கப்பா, மானம் போகுது!”

(முன்வரிசையில் சிரிப்பவர் என் மனைவி. அன்றும் முதலில் சிரித்தவர் அவர்தான்.)

ஒரு நாற்காலியை உடைத்துப் பார்க்க எனக்கு மனம் வருமா? முகம் தெரியாத பயணிக்காக இவர்கள் மொத்த வாழ்வையும் முறியும்வரை வளைத்துப் பார்த்தார்களே! போட்ட பணம் திரும்பி வருமா? இன்னும் தெரியாது. இறக்கை தாங்குமா? அது தெரியும்!

நாளை நம் விமானம் பயணிகளோடு முதன்முறையாகப் பறக்கிறது. எனக்குச் சன்னலோர இருக்கை. இறக்கை ஆடும்போது பக்கத்து இருக்கைக்காரர் பயந்தால், “இது என்னங்க ஆட்டம், இன்னும் எவ்வளவு வளையும் தெரியுமா?” என்று இறங்கும்வரை அவர் உயிரை வாங்கப்போகிறேன்.

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. பறக்கப்போகும் பறவைக்கு வாழ்த்து. பிள்ளைகளே, உங்களுக்கு என் வணக்கம்!