யாருடைய குரலில் பேசுகிறீர்கள்?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, வேலை முடிந்த களைப்பிலும் விழிப்போடு கேட்க வந்திருக்கும் தாய்மார்களே, அனைவர்க்கும் என் அன்பு வணக்கம்.

இலக்கை அடைய உதவும் வழிகாட்டிப் பயிற்சியைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். "அப்படின்னா டியூஷனுங்களா?" என்று அங்கே ஓர் அம்மா கேட்கிறார். இல்லை தாயே. டியூஷனில் விடையைச் சொல்லித் தருவார்கள். இதில் நம்மிடமே விடையைக் கேட்பார்கள். எங்கள் தெரு ஜெயசுதாவுக்கு நடந்ததை, அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

கீழப்பழுவூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பெரம்பலூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைக்குப் போய் வருபவர் அவர். தைத்தார், தேர்ந்தார், தான் தைத்த 'லைன்' என்னும் மிஷின் வரிசைக்கே மேற்பார்வையாளர் ஆனார். ஆசை ஆசையாய் எதிர்பார்த்த பதவி. வந்த பிறகு என்ன ஆயிற்று? உயிர்த்தோழி அம்பிகா, "வணக்கம் மேடம்" என்று சொல்லி விலகிப் போனார். வேலை சுணங்கியது. ஜெயசுதா கத்தினார். கத்தக் கத்தத் தைப்பவர்களின் கைகள் இன்னும் தளர்ந்தன.

புதிய மேற்பார்வையாளர்களுக்கென நிறுவனம் அமர்த்தியிருந்த பயிற்சியாளர் மேகலாவிடம் போய், "எனக்கு இந்தப் பதவி வேணாங்க, மிஷின்லயே உக்காந்துடறேன்" என்று அழுதார். மேகலா அறிவுரை சொன்னாரா? இல்லை. ஆறுதல் சொன்னாரா? அதுவும் இல்லை.

"லைன்ல சத்தம் போடுறீங்களே, அது யாரு குரலுங்க?"

ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு முன்னாடி இருந்த சூப்பர்வைசரோடதுங்க. அவரு கத்துனப்ப நானும் அம்பிகாவும் சேந்து அழுதிருக்கோம்."

"உங்க குரல்ல பேசுனா எப்படி இருக்கும்?"

"தெரியலீங்க. பேசிப் பாக்கணும்."

"யாருகிட்ட?"

"அம்பிகாகிட்டதான்."

மறுநாள் அம்பிகாவின் மிஷினருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வேலை எங்க தடைபடுது அம்பிகா? கேக்காமயே கத்திட்டேன்."

அம்பிகா நிமிரவில்லை. "எனக்கு முன்னாடி இருக்குற புள்ள புதுசு. கோணலா வருது, பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறேன். சொல்ல வுட்டியா நீ?"

"வுடல. என் தப்புதான்."

அன்று பிற்பகல் முழுதும் அந்தப் புதிய பெண்ணின் பக்கத்தில் இருந்து ஜெயசுதா பழக்கினார். பிணக்கு ஒரே பொழுதில் பறந்ததா? பறக்கவில்லை. வேலை மெல்ல மெல்லத்தான் சீரானது; மறுபடி கத்திய நாளும் உண்டு. அப்போதெல்லாம் மேகலா கேட்டது, "அடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்பது மட்டும்தான்.

பதவியைத் தந்தது நிறுவனம். கேள்வியைத் தந்தவர் மேகலா. ஆனால் கண்ணீரைத் துடைத்தவர் யார்? கத்தலை நிறுத்தியவர் யார்? தோழியின் முன் தலை தாழ்ந்து, தன் வரிசையைத் தலை நிமிர வைத்தவர் யார்? ஜெயசுதா அல்லவா!

சென்ற மாதம் டீ இடைவேளையில் அம்பிகா சொன்னாராம்: "புது லைனுக்கு சூப்பர்வைசர் எடுக்குறாங்களாம். எழுதிக் குடுக்கலாம்னு ஆசை. பயமாவும் இருக்கு. என்ன செய்யட்டும், நீயே சொல்லிடேன்."

அறிவுரை நாக்கு நுனி வரை வந்துவிட்டது ஜெயசுதாவுக்கு. அதை விழுங்கிக்கொண்டு, டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்குப் பயமா இருக்கு? நீ சொல்லு, நான் கேக்குறேன்."

இவ்வளவு நேரம் என்னைக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வணக்கம்.