எதிர் நாற்காலியில் அமைச்சர்களை அமர்த்திய அம்மையாருக்கு

ஆழ்ந்த அறிவும் அளந்த சொல்லும் அஞ்சியவரை அரவணைக்கும் அன்பும் ஒருங்கே அமைந்த அம்மையீர்! அயலுறவு, பாதுகாப்பு என்னும் இரு பெரும் துறைகளையும் ஒரே மேசையில் தாங்கும் இந்த அமைச்சர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்து, ஐந்து அமைச்சர்களுக்குத் தனிச் செயலராக விளங்கி, இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெறும் எங்கள் மூத்தவரே! கோப்புகளின் குழப்பம் தீர்த்த குணக்குன்றே! கோபத்தில் பிறந்த கடிதங்களைக் குளிரவைத்த கோமகளே! தங்கள் திருமுன் இந்தப் பாராட்டு மடலைப் படைக்கும் பணியைச் சகப் பணியாளர்கள் தட்டச்சனாகிய என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்பதால் அல்ல, வேகமாகத் தட்டுவேன் என்பதால்.

மேலே உள்ள வரிகளைப் போன வாரமே தட்டி முடித்துவிட்டேன். இனி வருபவை இன்று மதியம் தட்டியவை. சில இடங்களில் எழுத்து அழுத்தமாகவும் சில இடங்களில் மங்கலாகவும் விழுந்திருக்கும். அவசரமாகத் தட்டியதுதான் காரணம், இயந்திரத்தின் மேல் குற்றமில்லை.

எங்கள் கவலைக்கான காரணத்தை இந்த அறையில் உள்ள அனைவரும் அறிவோம். எல்லை ஆற்றில் காவலுக்குப் போன நம் படகு, நான்கு வீரர்களோடு நான்கு நாள்களாகத் திரும்பவில்லை. அக்கரை நாட்டார் வாய் திறக்கவில்லை. பாலத்தின் இரு முனைகளிலும் இரு படைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. நம் ஓட்டுநரின் இளைய மகன் இம்முனைச் சாவடியில் நிற்கிறான். நாளைக் காலைக்குள் பதில் சொல்லுங்கள் என்று அக்கரையாருக்குக் கெடு வைக்கும் கடிதம் இன்று பதினொரு மணிக்குக் கையெழுத்தானது. பதில் வராவிட்டால் அடுத்தது போர்தான். அதனால்தான் இந்த விழாவுக்குக் குடும்பத்தாரை அழைக்கவில்லை, மாலைகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அமைச்சர் ஐயா முன் வரிசையில் வீற்றிருக்க, அலுவலகத்தார் மட்டுமே அமர்ந்திருக்கிறோம்.

பொறுமையின் பெட்டகமே! பொய்யுரை அறியாப் பெருந்தகையே! நேற்று முதல் பார்வையாளர் அறையில் ஒரு பெண் காத்திருக்கிறார், அந்தப் படகில் போன ஒருவரின் மனைவி. எங்களில் யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு வரவில்லை. ஆளாளுக்கு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். தாங்கள்தான் அவர் பக்கத்தில் போய் அமர்ந்தீர்கள். "என் வீட்டுக்காரர் திரும்பி வந்துடுவார்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார் அவர். நாங்களாக இருந்தால் சொல்லியிருப்போம். தாங்களோ, "எனக்குத் தெரியலம்மா. கேட்டிருக்கோம். எந்தப் பதில் வந்தாலும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்லச் சொல்லியிருக்கேன்" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

தங்கள் பணிக்காலச் சாதனைகளைப் பட்டியலிடுவது மரபு. பட்டியலை விட்டுவிட்டு, ஒரு பிழையைச் சொல்லப் போகிறேன். பிழை என்னுடையது. பதினான்கு ஆண்டுகளாக இதை நான் எந்தச் சபையிலும் சொன்னதில்லை.

அயலுறவுக் கோப்புகளுக்கு நீல நாடா, பாதுகாப்புக் கோப்புகளுக்குச் சிவப்பு நாடா. இரண்டு துறைகளுக்கும் ஒரே அமைச்சர் என்பதால் இரண்டும் ஒரே மேசைக்கு வரும், ஒரே மேசையில் பிரியும். அந்த ஆண்டு பருவ வெள்ளத்துக்கு முன்னால் அக்கரை நாட்டுக்கு ஓர் அழைப்புக் கடிதம் போயிற்று. வெள்ளம் வருவதற்குள் இரு நாட்டு அதிகாரிகளும் கூடிப் பேசலாம் என்று மிகப் பணிவாக எழுதிய கடிதம். அதனுடன் ஆற்றின் வரைபடம் ஒன்றை இணைக்க வேண்டும். மேசையில் கிடந்த ஆற்று வரைபடத்தை எடுத்து நான் குண்டூசி குத்தினேன். அது சிவப்பு நாடாக் கோப்பிலிருந்து நழுவிய போர்ப்பயிற்சி வரைபடம். நம் கரையிலிருந்து அவர்கள் கரைக்குப் பாயும் ஏழு சிவப்பு அம்புக்குறிகள் அதில் இருந்தன.

வெள்ளத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கடிதம் சொல்ல, வருகிறோம் பாருங்கள் என்று படம் சொன்னது. அக்கரைப் படை இரண்டு மணி நேரத்தில் பாலத்தை மூடியது. ஒன்பது நாள்கள். ஆறாம் நாள், பதறிப்போன யாரோ ஒருவர் சுட, இக்கரையில் ஒரு காவலரும் அக்கரையில் இரு காவலர்களும் மாண்டார்கள். அந்த மூவரின் முகமும் எனக்குத் தெரியாது. தெரியாததால் எந்த முகத்தைப் பார்த்தாலும் அவர்களோ என்று தோன்றுகிறது.

தாங்கள் அந்தப் பயிற்சியின் மூலக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காவலுக்குக்கூட யாரையும் அழைக்காமல், அக்கரைத் தூதர் இல்லத்துக்கு நடந்தே போனீர்கள். "இது எங்க அலுவலகத்துத் தப்பு. இதோ பாருங்க, மூணு வருஷத்துக்கு முந்தின பயிற்சி" என்று திறந்து காட்டினீர்கள். அதன் பிறகே பாலம் திறந்தது. ரகசியக் கோப்பை அப்படிக் காட்டியதற்காகவே தங்களைச் சிறையில் அடைத்திருக்கலாம். விசாரணையில், "கவனிக்கத் தவறியவள் நானே" என்று தாங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். எனக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகாத சமயம் அது. தங்கள் பதவி உயர்வு நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. இன்றுவரை ஒரு கடுஞ்சொல் கிடையாது. குண்டூசி டப்பாவை மட்டும் என் மேசையிலிருந்து எடுத்துத் தங்கள் மேசையில் வைத்துக்கொண்டீர்கள்.

அன்று பிறந்ததுதான் நம் அலுவலகத்தின் எதிர் நாற்காலி வாசிப்பு. எல்லையைத் தாண்டிப் போகும் எந்தத் தாளும், கடிதமோ ஆணையோ இணைப்போ, உறையிலிட்டு ஒட்டப்படுமுன் அமைச்சர் தம் இருக்கையை விட்டு எழுந்து, அயல்நாட்டார் வந்தால் அமரும் எதிர் நாற்காலியில் அமர வேண்டும். நம்மில் ஒருவர் உறையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அக்கரையாராகவே அதைப் பிரித்து, இணைப்புகளை விரித்துப் பார்த்து, கடிதத்தை வாசிக்கக் கேட்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழக்கத்துக்கு முந்தைய நான்கு அமைச்சர்களும் கட்டுப்பட்டார்கள். முதலில் முணுமுணுக்காதவர் யாருமில்லை.

அவர்களில் பருத்த உடல்வாகு கொண்டவரை நினைத்தால் இந்த நிலையிலும் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. நாற்காலியின் கைகளுக்கு நடுவே இறுகிக்கொண்டு, "இதுல உட்கார்ந்தா யாரா இருந்தாலும் கோவம்தான்மா வரும். அக்கரைக்காரங்க சிடுசிடுன்னு இருக்கிறதுக்கு இப்பதான் காரணம் புரியுது" என்றார். மறுநாளே கைகளில்லாத நாற்காலி வந்தது. அன்று கடிதத்தை வாசித்தவர் நம் அலுவலக உதவியாளர் பெரியவர். "கடும் விளைவுகளைச் சந்திக்க நேரிடும்" என்ற வரி வந்ததும் நிறுத்திக்கொண்டார். "ஐயா, இதை என் மூஞ்சிக்கு நேரா சொன்னா நானே சட்டைக் கையை மடிச்சுடுவேன்" என்றார். அமைச்சர் உரக்கச் சிரித்தார். பிறகு பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். அந்த வாரம் பாலம் திறந்தே இருந்தது.

சீற்றத்தைச் சீராக்கிய செம்மலே! நாடு போற்ற வேண்டிய நற்பணியை நாலு சுவருக்குள் நடத்திய நங்கையே! பதினான்கு ஆண்டுகளில் எதிர் நாற்காலியில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வாசிக்கப்பட்டன. அவற்றால் நடக்காமல் போனவற்றை எண்ணிச் சொல்ல எங்களுக்கு வழி தெரியவில்லை.

இனி நான் சொல்லப்போவது தங்களுக்கும் தெரியாது.

இன்று காலை பத்து மணிக்குத் தாங்கள் விதிப்படி சாவிகளை ஒப்படைத்துவிட்டு, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டீர்கள். புதிய செயலர் நாளைதான் வருகிறார். பதினொரு மணிக்கு அமைச்சர் ஐயாவின் மேசையில் நீல நாடாவும் சிவப்பு நாடாவும் அவிழ்ந்து, தாள்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஐயா கையெழுத்திட்டு, தம் கையாலேயே தாள்களைச் சேர்த்து, உறையில் இட்டு, ஒட்டிக் கொடுத்தார். பெரியவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இன்னைக்கு அந்த நாடகமெல்லாம் வேணாம் பெரியவரே. நாலு பேர் உயிர் ஊசலாடுது. உடனே அனுப்புங்க" என்றார் ஐயா. பெரியவர் மறுபடி வாய் திறந்தார். "உங்க வேலையைப் பாருங்க" என்று பதில் வந்தது. பன்னிரண்டு மணிக்கு அனுப்புகைப் பிரிவு எழுத்தர் உள்ளே போய்க் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். ஒரு மணிக்கு நான் போனேன். கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன்.

அமைச்சராகி நான்கு மாதங்களே ஆன ஐயாவின் நல்லெண்ணத்தில் எங்களுக்குத் துளியும் ஐயமில்லை. அந்த நால்வருக்காக அவர் மூன்று நாள்களாகக் கண் மூடவில்லை என்பதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஆனாலும் அந்த உறைக்குள் எந்தத் தாளோடு எந்தத் தாள் போயிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குண்டூசி மூன்று பேரைக் கொல்லும் என்பது மட்டுமே.

அம்மையீர், அந்த உறை அனுப்பப்படவில்லை.

மூன்றாம் வரிசையில் அனுப்புகை எழுத்தர் மடியில் வைத்திருக்கும் பழுப்புப் பை விழாவுக்கானதல்ல. உறை அதில்தான் இருக்கிறது, ஒட்டியபடியே, பிரிக்கப்படாமல். பதிவேட்டில் அதற்கான வரி இன்னும் காலி. ஓட்டுநர் வாசலில் வண்டியோடு நிற்கிறார். மகன் சாவடியில் இருப்பதால் அவர்தான் தாமதித்தார் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் மூன்று முறை வந்து, "குடுங்க, நான் கிளம்பணும்" என்று கேட்டார். நாங்கள்தான் கொடுக்கவில்லை. போர் மூளும் வேளையில் அமைச்சரின் கடிதத்தை நிறுத்திவைத்தவர்களுக்கு என்ன தண்டனை என்று மொழிபெயர்ப்பாளர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு எங்களிடம் சொல்லாமலே புத்தகத்தை மூடிவிட்டார்.

மடல் தங்களுக்குரியது. நடுவில் வேறொருவரை விளிப்பது முறையல்ல. ஆயினும் பொறுத்தருள்க.

அமைச்சர் ஐயா அவர்களே! தங்களைத் தனியே பார்த்துச் சொல்ல மூன்று முறை முயன்றோம், முடியவில்லை. பாராட்டு மடல் வாசிக்கும்போது மட்டும் யாரும் பாதியில் எழுந்து போவதில்லை என்பதால் இதில் எழுதினோம். எங்களை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அந்த நால்வரைக் கேட்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பார்வையாளர் அறையில் இருப்பவருக்குப் பதில் வேண்டும், எங்களுக்கும் வேண்டும். அக்கரைத் தூதரகம் ஐந்து மணி வரை திறந்திருக்கும், இங்கிருந்து பன்னிரண்டு நிமிடப் பயணம். இதை வாசிக்கும்போது மணி மூன்றே முக்கால் இருக்கும். எதிர் நாற்காலியில் அமர்ந்து, உறையைப் பிரித்து ஒரு முறை கேட்கப் பத்து நிமிடம் போதும். கேட்டபின் அதே கடிதத்தையே அனுப்பச் சொன்னாலும் ஓடிப்போய்க் கொடுப்போம்.

அம்மையீர், தங்களிடம் இப்போது சாவி இல்லை, அட்டை இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனாலும் ஐந்து மணி வரை தாங்கள் எங்கள் அலுவலகத்தவர்தான். ஐயா மறுத்தால் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குமேல் கேட்க எங்களுக்கு உரிமையில்லை.

நோயற்ற வாழ்வும் குறைவற்ற நிறைவும் பேரப்பிள்ளைகளின் பேரன்பும் பெற்று நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தும் இடம் இது. வாயார வாழ்த்துகிறோம். மனத்தில் இருப்பதைப் பூசி மெழுகாமல் சொன்னால், நாளைக் காலையும் தங்கள் தெருவில் பால்காரர் வழக்கம்போல் மணியடிக்க வேண்டும், அதைக் கேட்டுத் தாங்கள் கதவைத் திறக்க வேண்டும். இப்போதைக்கு அந்த ஒரு நாள்வரைதான் எங்கள் வாழ்த்து எட்டுகிறது. மீதி நூறாண்டு இந்த அறையில் அடுத்து யார் எழுந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இங்ஙனம்,
கடிதத்தை அனுப்பாதிருப்பவர்கள்:
தட்டச்சர்
அனுப்புகைப் பிரிவு எழுத்தர்
மொழிபெயர்ப்பாளர்
அலுவலக உதவியாளர்