காவல் புழு

— கதவைச் சாத்துடி. பொடிக்குளவி உள்ள வந்துச்சுன்னா என் உழைப்பு பூரா வீணாப் போயிடும்.

— சாத்திட்டேன்க்கா. வீட்டுல பேசலாம்னா பிடி கொடுக்க மாட்டேங்குற. அதான் நீ வேலை பாக்குற இடத்துக்கே வந்துட்டேன்.

— பேசு. கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கு.

— பாப்பாவ என்கூடக் கூட்டிட்டுப் போறேன். அங்க காலேஜ்ல சேர்த்துடுறேன்.

— பாப்பாவா? நீ பெத்துப் போட்டுட்டுப் போனப்போ பாப்பா. இப்போ என்னைவிட உயரம்.

— சரி விடுக்கா, சண்டைக்கு வரல... ச்சீ, இது என்ன? புழுவுக்கு அடியில பஞ்சு பஞ்சா?

— குளவிக் கூடு. கிட்ட வந்து பாரு, உனக்குத் தெரிஞ்ச கதைதான். குளவி பறந்து வரும், புழுவுக்குள்ள முட்டைய வச்சிட்டுப் போயிடும். அப்புறம் எட்டிக்கூடப் பாக்காது.

— என்னை ஏன்க்கா இப்படிக் குத்திக்காட்டுற?

— குளவியச் சொல்றேன்டி, கேளு. புழு அதுபாட்டுக்கு இலை தின்னும். தின்னதெல்லாம் உள்ள இருக்குற குஞ்சுங்களுக்கு. அதுங்க ரத்தத்தக் குடிக்கும், கொழுப்பத் தின்னும், உயிர் போற இடத்துல மட்டும் வாய் வைக்காது. புழு செத்தா சோறு யாரு போடுறது? வளர்ந்ததும் தோலக் கிழிச்சுட்டு வெளிய வந்து கூடு கட்டிக்கும்.

— ஐயோ, இது ஆடுதுக்கா! இன்னும் உயிர் இருக்கா? தூக்கிப் போட்டுடேன், பாவம்.

— புதுசா வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க. போன தடவை ஒருத்தி பாவம் பாத்துப் புழு எல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சுட்டா. காவல் இல்லாத கூட்டுல, குளவிக் குஞ்சையே தின்னுற வேற ஜாதி, அந்தப் பொடிக்குளவி வந்து அதோட முட்டைய வச்சிடுச்சு. தோட்டத்துல பயிரைத் தின்னுற புழுவ அழிக்கத்தான் இங்க குளவி வளர்க்குறோம், அனுப்ப ஒண்ணுகூடத் தேறல.

— இதுவா காவல்?

— பின்ன? தன்னைத் தின்னதுங்க மேலயே படுத்துக்கிட்டு, எது கிட்ட வந்தாலும் தலையால அடிச்சு விரட்டும். பச்சைத் தண்ணி குடிக்காது. அதுங்க பறந்து போனதும் செத்துடும்.

— எனக்கு அப்போ வேற வழி இல்லக்கா. நீ வளர்க்கணும்னு நான் கேட்டேனா?

— எங்கடி கேட்ட? தூங்குற குழந்தைய என் பக்கத்துல போட்டுட்டு, நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள போயிட்ட. என்னைக் கட்டிக்கிறேன்னவரு, குழந்தைய விட்டுட்டு வான்னாரு. நான் போகல. அதோட முடிஞ்சுது என் கல்யாணப் பேச்சு.

— அதுக்கு அவ என்ன பண்ணுவா?

— அவளை நான் ஒண்ணும் சொல்லலையே. உன்னைத்தான் சொல்றேன். அவ மேல கை வை, நானும் இந்தப் புழு மாதிரி முட்டுவேன். போ, போய் அவளையே கேளு. என்னை விட்டுட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா.

— கேக்க வேண்டாம்க்கா.

— ஏன்? பயமா இருக்கா?

— நானா வரலக்கா. அவதான் போன் பண்ணிக் கூப்பிட்டா. பெட்டியோட வெளிய வண்டியில உட்கார்ந்திருக்கா. “அம்மா முகத்தப் பாத்தா என்னால கிளம்ப முடியாது, நீங்களே உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க சித்தி”ன்னா.