மொட்டை வண்டியும் நாலாம் நம்பர் அறையும்

பழைய இங்கிலீஷ் கார் வைத்திருப்பவனுக்கு முதுகுவலி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இரண்டு கார்கள் வாய்த்தன. இரண்டும் முதலில் கேட்டது என் முதுகைத்தான். நம் பழைய கார் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒவ்வொரு உறுப்பினரும் தன் வண்டியைப் பற்றி நான்கு பக்கம் எழுத வேண்டும், படிக்கச் சுவையாக இருக்க வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். வண்டி விஷயத்தில் எனக்குப் பொய் எழுத வராது. அதனால் நான்கு பக்கத்துக்கு மேல் போகலாம். சுவையில்லாத இடமும் ஒன்றிரண்டு வரும்.

முதல் வண்டி ஒரு சிவப்பு ட்ரையம்ப். 2001இல் கொடைக்கானலில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. லாரியில் ஏற்றி விருதுநகருக்குக் கொண்டுவந்தேன். அந்த வண்டி என்னிடம் செய்த நீளமான பயணம் அதுதான். ஒன்றரை வருஷம் வீட்டு முற்றத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று டிரைவர் சீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு தினமும் வந்து முட்டையிட ஆரம்பித்தது. "ஓடாட்டி என்ன, முட்டை போடுதுல்ல" என்றாள் என் வீட்டுக்காரி. வண்டியைக் குறை சொல்ல முடியாது. அதற்கு என்னைவிட வயசு அதிகம்.

இரண்டாவதுதான் நீங்கள் பார்த்த பச்சை எம்.ஜி. 2003இல் திருச்சியில் ஒரு டாக்டரின் மகனிடமிருந்து வாங்கினேன். இரண்டு சீட்டு, மேலே மடக்குகிற துணிக் கூரை. வெயிலில் துணியை மடக்கிப் போட்டுக்கொண்டு நான் போவதைப் பார்த்து வழியில் இருக்கும் ஆமத்தூர்க்காரர்கள் மொட்டை வண்டி என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு தாழ்வான வண்டி. ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் ஆடுகளும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வோம். ஹாரன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால்தான் அடிக்கும். எதிரே எருமை நின்றால் கொஞ்சம் ஒடித்து அடித்துவிட்டு நேராக்க வேண்டும். இரண்டு தடவை ஹாரன் அடித்தபடியே ஓடைக்குள் இறங்கியிருக்கிறேன். எருமை நகரவில்லை.

எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் கிடையாது. பட்டாசுக்கு எது நல்லதோ அதுதான் பழைய இரும்புக்கும் நல்லது. சென்னையில் இருந்திருந்தால் அந்த வண்டி என்றைக்கோ துருப்பிடித்துப் போயிருக்கும்.

எனக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. சின்னதுதான், எண்பது பேர் வேலை செய்தார்கள். ஃபோர்மேன் ஊர்க்காவலன். பதினாறு வருஷமாக என்னிடம் இருந்தவன். அவன் மனைவி முருகம்மாள் நாலாம் நம்பர் அறையில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்த்தாள். ஒழுங்கு விஷயத்தில் என் கம்பெனியைக் கைகாட்டிப் பேசுவார்கள். அறைக்குள் இரும்பு கிடையாது, செருப்பு கிடையாது, ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கிடையாது. வேலிக்குள் எந்த வண்டியின் எஞ்சினும் ஓடக்கூடாது. என் வண்டியே வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கும். அந்த விதியை ஒரு நாளும் நான் மீறியதில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் முருகம்மாள் கை கால் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து வண்டிச் சக்கரங்களைத் துடைப்பாள். ஒரு சக்கரத்துக்கு நாற்பத்தெட்டுக் கம்பிகள். அந்த இடுக்கில் என் விரல் போகாது. "இம்புட்டுக் கம்பிய வச்சு ஒரு சக்கரம் செஞ்சவன் வேற சோலி இல்லாதவனாத்தான்யா இருக்கணும்" என்பாள். கம்பிகளுக்கு அடித்திருந்த வெள்ளிப் பூச்சுகூட எங்கள் கம்பெனி அலுமினியப் பவுடரை வார்னிஷில் கலந்து நானே தயாரித்ததுதான். கம்பெனியில் இருப்பது வண்டிக்கு ஆகும் என்றால் எடுத்துக்கொள்வேன். என் கம்பெனி, என் வண்டி.

2006 சித்திரையில் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. விருதுநகரில் காலேப் என்று ஒரு மெக்கானிக். அம்மா நர்ஸ். அவருக்கு அந்த அம்மாவின் பொறுமை அப்படியே வந்திருந்தது. பழைய வண்டிகளை அதட்டவே மாட்டார். எஞ்சின் தலையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, தலைக்கு அடியில வைக்கிற கேஸ்கட் தகடு போயிருச்சு. சீமையில இருந்து வரணும். ரெண்டு மாசம் ஆகும். இல்லைன்னா நல்ல செம்புத் தகடு கொண்டாங்க, வெட்டிருவோம்" என்றார். மறு வாரம் மதுரையில் நம் சங்கத்தின் முதல் ஊர்வலம். செம்புத் தகட்டை மதுரைக்குப் போயே வாங்கியிருக்கலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பொறுமை இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் இடிதாங்கி உண்டு. கூரைமேல் கம்பி, அதிலிருந்து சுவரோரமாகச் செம்புப் பட்டை, பட்டையின் முடிவில் தரைக்கு அடியில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த ஒரு செம்புத் தகடு. இடி விழுந்தால் மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் போய்விடும். கம்பியும் பட்டையும் வெளியே தெரியும், தகடு தெரியாது. நாலாம் நம்பர் அறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. மண்ணும் பொதபொதவென்று இருந்தது. காவலுக்கு இருந்தவரை டீ குடித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நானே தோண்டி எடுத்து, மண்ணை மூடி, மேலே தண்ணீர் தெளித்து மிதித்துவிட்டேன்.

தகடு கொஞ்சம் தடிமன். பாத்திரப் பட்டறையில் கொடுத்துத் தட்டி மெலிதாக்கினேன். காலேப் அதைச் சுண்டிப் பார்த்து, "சுத்தமான செம்பு அண்ணாச்சி. எங்கன பிடிச்சீக?" என்றார். பழைய சாமான் என்றேன். அவர் வெட்டிய கேஸ்கட் ஒரு சொட்டுத் தண்ணீரை விடவில்லை. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் ஓடுகிற சத்தத்தை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

மழைக்காலத்துக்குள் வேறு தகடு புதைத்துவிடலாம் என்று இருந்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு எளிதாக இருக்கும். நான் மறக்கவில்லை. தகடு இல்லாத இடிதாங்கி, இடியைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விடுகிற மாதிரி என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் புதுத் தகட்டைப் பட்டையோடு இணைத்துப் புதைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஆள் கூப்பிட்டால் பழையது எங்கே என்று ஊர்க்காவலன் கேட்பான். பதினாறு வருஷமாக என்னிடம் ஒழுங்கு கற்றுக்கொண்டவன் முன்னால் பதில் இல்லாமல் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. சீசன் ஆர்டர் வந்து குவிந்தது.

புரட்டாசியில் ஒரு பிற்பகல். துணிக் கூரையைத் தைப்பதற்காகச் சிவகாசியில் கொடுத்திருந்தேன். சீட்டுகளுக்கு அந்த மாதம்தான் புதுத் தோல் போட்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் வானம் மாறியது. மேகம் கறுத்தால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை அறைகளிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும். ஃபோர்மேன் விசில் ஊதுவான். விசில் கேட்காமல் யாரும் கையிலிருக்கும் மருந்தை வைத்துவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அப்படித்தான் பழக்கியிருந்தோம், அரைகுறையாகப் போட்டுவிட்டு ஓடுவதும் ஆபத்து என்பதால்.

ஊர்க்காவலன் ஆபீஸ் அறைக்கு வந்தான். விசில் வாயருகில் இருந்தது.

"மொதலாளி, மேக்க கருத்துக்கிட்டு வருது. ஊதிரட்டுமா?"

"மொதல்ல வண்டிய உள்ள தள்ளிருவோம். மேல துணி இல்ல."

"ஆளுகள விட்டுட்டுத் தள்ளுவோம் மொதலாளி. அஞ்சு நிமிசந்தான்."

"ஊதுனா எம்பது பேரும் பாதைக்கு வந்துருவாக. வண்டி நடுவுல மாட்டிக்கிட்டு நனையும். தள்ளிட்டு ஊதுலே."

நான் சொன்னதில் நியாயம் இருந்தது. பாதை ஒன்றுதான், குறுகலானது. காலிப் பெட்டிகள் போடும் கொட்டகை அதன் கடைசியில் இருந்தது. எஞ்சினைப் போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாம். வேலிக்குள் எஞ்சின் ஓடக்கூடாது. அதனால் லோடு ஏற்ற வந்திருந்த சேலத்து லாரியின் ஆட்கள் நான்கு பேரைக் கூப்பிட்டேன். ஊர்க்காவலன் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்ததால் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்தேன்.

நாலாம் நம்பர் அறையைக் கடக்கும்போது முருகம்மாள் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே மற்ற மூன்று பெண்களும் குனிந்து வேலையாக இருந்தார்கள். முருகம்மாளின் முழங்கை வரைக்கும் வெள்ளிப் பவுடர்.

"மழைக்கு மொட்டை வண்டிதான் மொதல்ல ஒதுங்குதாக்கும்" என்று சிரித்தாள். பிறகு புருஷனிடம், "எங்கள எப்ப விடுவீக?" என்றாள்.

"இந்தா வந்துட்டேன்" என்றான் ஊர்க்காவலன்.

அவள் சொன்னதைக் கேட்டு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போதே பயமாகவும் இருந்தது. அந்தச் சுவரோரம் இறங்கிய செம்புப் பட்டை மண்ணுக்குள் போகிற இடத்தைத் தாண்டித்தான் வண்டி போனது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

கொட்டகையின் வாசல்படியில் பின் சக்கரம் ஏறிக்கொண்டிருந்தது. ஊர்க்காவலன் ஒரு கையை எடுத்துச் சட்டைக்குள் விட்டான். "இன்னும் ஒரு தள்ளு" என்றேன். கையைத் திரும்ப வண்டியில் வைத்தான். வண்டி உள்ளே போனது. அப்போது இடி விழுந்தது. அதற்கடுத்த சத்தம் இடியல்ல.

விதிப்படி நாலாம் நம்பர் அறையில் நான்கு பேர்தான் இருந்தார்கள். பக்கத்து அறைகளில் யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. இடைவெளி விட்டுக் கட்டியிருந்ததால் அவை தப்பின. ஊர்க்காவலன் ஓடியதைப் பார்த்தேன். ஓடிக்கொண்டே விசிலை ஊதினான். யாருக்காக ஊதினான் என்று தெரியவில்லை. மழை பிறகுதான் வந்தது.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சுவரே இல்லாத இடத்தில் இடிதாங்கியை யார் தேடுவார்கள். இடி விழுந்து விபத்து என்று எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் மேகம் கறுத்தும் ஆட்களை ஏன் வெளியேற்றவில்லை என்று கேட்டு என்மீதும் ஊர்க்காவலன்மீதும் வழக்குப் போட்டார்கள். நான் ஆபீஸ் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். சேலத்து ஆட்கள் அன்று இரவே ஊர் போய்விட்டார்கள். மற்ற அறைகளில் இருந்தவர்கள் வண்டி போவதைப் பார்த்திருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அடுத்த சீசனும் வேண்டும்.

கோர்ட்டுக்குப் போகிறதற்கு முந்தின நாள் ஊர்க்காவலன் என் வீட்டுக்கு வந்தான். வண்டி விஷயத்தைச் சொல்லப்போகிறேன் என்று சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "ஊதியிருக்கணுங்க மொதலாளி. விசில் ஏங்கிட்டதான இருந்துச்சு. நீங்க ஆயிரம் சொல்லுவீக, நான் ஊதியிருக்கணும்" என்றான். இதைச் சொல்லத்தான் வந்திருந்தான். நான் மறுக்கவில்லை. கோர்ட்டில் என்னைக் கேட்டபோதும், விசில் அவன் கழுத்தில்தான் கிடந்தது என்றேன். தகுதியான ஃபோர்மேனை வைத்து, விசிலும் கொடுத்து, இடிதாங்கியும் வைத்திருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள். போன வருஷம், 2008 மார்கழியில், அவனுக்கு இரண்டு வருஷம் போட்டார்கள்.

ஆகவே எழுதுகிறேன்: தகட்டை எடுத்தது நான். விசிலை ஊத விடாததும் நான். இடி அந்த அறைக்குள் போகும் என்று தெரிந்துதான் வண்டியை முதலில் தள்ளச் சொன்னேன். மலரில் இதைப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். என்னைக் கெட்டவன் என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை. நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவனில்லை.

போன மாதம் மதுரை ஜெயிலுக்குப் போய் ஊர்க்காவலனைப் பார்த்தேன். இளைத்திருந்தான். சாப்பாடெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். வெளியே வந்ததும் எங்கே போவோமோ என்று கவலைப்பட வேண்டாம், வீட்டோடு ஓர் அறை தருகிறேன், எம்.ஜி.யைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இனி உன்னுடையதுதான், சாவியே உன்னிடம் இருக்கும் என்றேன். இந்த வார்த்தையை நான் காலேப்பிடம்கூடச் சொன்னதில்லை. ஊர்க்காவலன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தான். நன்றி சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.