மூணாவது போட்டோ

இல்லங்கய்யா, நீங்க பாட்டுக்குத் தைங்க, நான் இப்படி ஓரமா நின்னுக்கிறேன். ஸ்டூலா? சரி, உக்காந்துக்கிறேன். கையெழுத்தெல்லாம் ஒண்ணும் வேண்டாம். பேசச் சம்மதம்னு உங்ககிட்ட வாங்க வேண்டிய அந்தப் படிவத்த நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. காலேஜ்ல நாலு தடவ திருப்பி அனுப்புனாங்க. முதல் தடவ மார்ஜின் சரியில்லையாம். அடுத்த தடவ நீல மையில கையெழுத்துப் போட்டுட்டேனாம். அதுக்கப்புறம் எதுக்குன்னே சொல்லல, ஓரத்துல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வந்துச்சு.

என்ன படிப்பா? தடயவியல் உளவியல். எம்.எஸ்சி., ரெண்டாம் வருஷம். பேருதான் பெருசு. குத்தம் செஞ்சவன் மனசு எப்படி, சாட்சி சொல்றவங்க ஞாபகத்த எவ்வளவு நம்பலாம், இப்படி. எங்க அம்மாவுக்கு இன்னும் விளங்கல. இவ போலீசுக்குப் படிக்கிறான்னு மாமாகிட்ட சொல்லி வச்சிருக்காங்க. அவரு என்னப் பார்த்தாலே ஹெல்மெட்டத் தேடுறாரு.

சின்னப் பசங்க சொன்ன சாட்சியால உள்ள போயி, அப்புறம் நிரபராதின்னு வெளிய வந்தவங்க. அதான் என் தீசிஸ். ஒம்பது கேஸ் எடுத்தேன். எட்டுப் பேரு பேச மாட்டேன்னுட்டாங்க. ஒருத்தரு கதவ முகத்துலயே சாத்துனாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. ஒம்பதாவது நீங்க.

தெரியுங்கய்யா, ஆறு வருஷம். மருந்துக்கடைக்காரர அடிச்சுப் போட்டுட்டு ஓடுனவன் வேற கேசுல மாட்டி, அவனே ஒத்துக்கிட்ட பிறகுதான் உங்கள விட்டாங்க. அத நான் கிளற வரல. உங்க பொண்ணு... சரி, சரி, அதப் பேசல. நீங்க அந்தக் காஜாவ முடிங்க.

எனக்கு எரிச்சல் எதுலன்னா, எங்க கைடு. நல்ல மனுஷிதான். ஆனா எத எழுதிட்டுப் போனாலும் ஆதாரம் எங்க, ஆதாரம் எங்கன்னு ஒரே பாட்டு. உங்க கேஸ் ஃபைல மூணு மாசம் உக்காந்து படிச்சேன். மருந்துக்கடைக்கு எதிர் வீட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்த குழந்தையப் பத்தி அதுல ஒரே ஒரு வரி. சிறுமி, வயது ஒன்பது, புகைப்படங்களிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவரைத் தயக்கமின்றி அடையாளம் காட்டினாள். அவ்வளவுதான். கைடு அது மேல ஏழு கட்டுரைய அடுக்குறாங்க, குழந்தைங்க பெரியவங்களத் திருப்திப்படுத்தப் பார்க்குமாம். கிளாஸ்ல எல்லாரும் தலைய ஆட்டி ஆட்டி நோட்டுல எழுதிக்கிறாங்க. எனக்கு மேசையத் தட்டிக் கத்தணும் போல இருக்கு.

தயக்கம் இல்லாமயாமே! விரல் முதல்ல ரெண்டாவது போட்டோ மேலதான் போச்சு. நல்லாப் பாரு பாப்பான்னாரு அந்தப் போலீஸ் ஆபீசர். விரல் நகர்ந்துச்சு. மூணாவதுக்கு வந்ததும் அவரு மூஞ்சி மலர்ந்துச்சு. கெட்டிக்காரின்னு தோளத் தட்டுனாரு. அன்னிக்குப் பூரா தெருவுல அதே பேச்சு. மறுநாள் டீச்சர் எழுந்து நிக்க வச்சு, எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க. மூணாவது போட்டோ உங்களோடது.

என்னங்கய்யா? இல்ல, இதெல்லாம் ஃபைல்ல இல்ல. கைடும் இதத்தான் கேட்டாங்க, இது உனக்கு எப்படித் தெரியும்னு. நேத்துத்தான் சொன்னேன். கேட்டுட்டு ஃபைல மூடி வச்சாங்க. அப்புறம், நீ இந்தக் கேசத் தொடக் கூடாது, அந்த ஆளு கடைப் பக்கமே போகாதன்னுட்டாங்க. தொடல. தீசிஸ்லேர்ந்து எடுத்துட்டேன். இப்ப நான் பேனா கூடக் கொண்டு வரல, பாருங்க.

எனக்கு அப்ப ஒம்பது வயசுங்கய்யா. போட்டோ காட்டுன அன்னிக்கு, அந்த நாற்காலில என் கால் தரைக்கு எட்டல.