வலது கைக்கான பயிற்சி

காக்க வைத்ததற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம், மேடம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் பயிற்சிப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்களை என் வண்டிக்குத்தான் அனுப்புவார்கள்.

என் மனைவி வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். அவள் கையில் கத்தரி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பக்கவாதம் வந்த காலையிலும் ஒரு பெண்ணுக்குப் பாதி வெட்டியிருந்தாள். கத்தரி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. காலும் தாங்கித் தாங்கி நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் வேறு யாருடையதோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் சில வீடியோக்களை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். நீலச் சட்டை போட்ட ஒருத்தி திரையில் செய்து காட்டுவாள், பார்த்துச் செய்ய வேண்டும். மேஜைமேல் துண்டைப் போட்டு உள்ளங்கையால் முன்னே தள்ளுவது. டம்ளரைப் பிடித்துத் தூக்கி நகர்த்தி வைப்பது. துணி உலர்த்தும் கிளிப்பை அமுக்கித் திறப்பது. "விடாம செஞ்சா மூளை புதுசா வழி கண்டுபிடிச்சுக்கும் சார். நல்ல கையை மட்டுமே நம்பிட்டா, இந்தக் கை தன்னையே மறந்துடும்" என்றார். அது என் மனதில் ஆணியடித்தாற்போல் பதிந்துவிட்டது.

சுண்டுவிரல் முதன்முதலாக அசைந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். பிறகு டம்ளரை ஒரு சாண் தூரம் தள்ளினாள். அதோடு நின்றுவிட்டது. வண்டி முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு கிடந்தது. நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். ஏனோதானோவென்று துண்டைத் தள்ளுவாள், ஜன்னலைப் பார்ப்பாள், போதும் என்பாள்.

ஆனால் இடது கை மட்டும் எங்கிருந்தோ சாமர்த்தியம் கற்றுக்கொண்டது. இடது கையால் வெங்காயம் நறுக்கினாள், பொத்தான் போட்டாள், தலை வாரிக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் வாய்க்கு வாய் மெச்சினார்கள். "இந்தக் கை போதுங்க எனக்கு. இதுலயே கத்தரி பிடிச்சுப் பழகிக்கிறேன்" என்றாள் ஒருநாள், சிரித்துக்கொண்டே. தோற்றுப்போனதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவளை நான் என்ன செய்வது? இந்தச் சாமர்த்தியத்தை அவளுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடது கை எதையும் பிடிக்க முடியாதபடி அதற்கு ஒரு தடித்த கையுறை மாட்டினேன். அது அந்தப் பயிற்சியாளர் சொன்ன முறைதான். கூடவே இருந்து, கொஞ்ச நேரம் மட்டும் செய்யலாம் என்றார். கொஞ்ச நேரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம், வலது கையால்தான் சாப்பிட வேண்டும் என்றேன். பாதிக்குமேல் மடியில் கொட்டும். திட்டியதில்லை. துடைத்துவிட்டுக் கரண்டியை மறுபடி விரல்களுக்குள் செருகுவேன். சாப்பாடு ஆறிப்போனால் எடுத்து வைத்துவிடுவேன். இளைத்துப்போனாள், உண்மைதான்.

நீலச் சட்டைக்காரி நடுநடுவே "வலித்தால் நிறுத்திவிடுங்கள்" என்பாள். சாக்கு கிடைத்த மாதிரி இவளும் நிறுத்திவிடுவாள். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை நானே சொன்னேன்.

வெளியூரில் இருக்கும் மகள் வீடியோவில் பேசும்போது, முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனை நான் பிடித்துக்கொள்வேன். "அம்மா கை எப்படிப்பா இருக்கு?" என்பாள்.

"தேறிட்டு வருதும்மா. நேர்ல பாத்தா அசந்துடுவே."

மனைவி பக்கத்தில்தான் இருப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். ஒத்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் வகுப்பு ரத்தாகி முன்னதாகவே வீட்டுக்கு வந்தேன். முன்னறைக் கண்ணாடிக்கு எதிரில் பக்கத்து வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். என் மனைவி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, இடது கையால் அவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நேர்த்தியா வெட்டிட்டாங்க பாருங்க" என்றார் அந்த அம்மா. நன்றாக இருக்கிறது என்றேன். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

மறுநாள் காலையில்தான் இடது மணிக்கட்டை நாற்காலிக் கையோடு பெட்டி கட்டும் நாடாவால் இழுத்துக் கட்டினேன். "இன்னிக்கு வேணாங்க" என்றாள். எதிரில் போனை நிறுத்தி, வீடியோ திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தேன். வேறு ஒரு போன் வகுப்புக்காக என்னிடம் இருக்கிறது. வலப்பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். "தாகம் எடுத்தா தானா கை வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன், வெயில் வராமல் இருக்க.

நீங்கள் மத்தியானத்தைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், வந்தேன். டம்ளர் கீழே உருண்டு கிடந்தது. இடது கை விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன.

"மரத்துப் போச்சுங்க. அவுத்து விடுங்க. உங்க கால்ல விழறேன்."

மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்தேன். "ஒரே ஒரு தடவை தூக்கு. உடனே அவுத்துடறேன்."

அவள் முயன்றாள். முன்பு எப்போதும் அப்படி முயன்றதில்லை. விரல்கள் டம்ளர் விளிம்புவரை போயின, தொட்டன, வழுக்கின. இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால் எல்லாம் பாழ்.

எங்கள் பள்ளியில் முதலுதவிப் பாடம் எடுப்பதும் நான்தான். ரத்தம் நின்றுபோகிற அளவுக்கு எதையும் கட்டக் கூடாது, விரல் கறுத்தால் அந்த நிமிஷமே அவிழ்க்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரியாமல் நடந்தது என்று வாக்குமூலத்தில் என் வக்கீல் எழுதச் சொல்கிறார். தெரியும், மேடம். தெரிந்துதான் நாடாவை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். மத்தியான வகுப்பில் ஒரு பயந்தாங்கொள்ளிப் பெண் அன்று முதல்முறையாக வண்டியைப் பின்னால் எடுத்து ஒழுங்காக நிறுத்தினாள். கை தட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி மயங்கிக் கிடந்தாள். ஆம்புலன்ஸை அழைத்தது நான்தான். இடது கையைக் காப்பாற்ற முடியவில்லை, முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டோம் என்று டாக்டர் வந்து சொன்னபோது, செய்தி கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த மகள் என் பக்கத்திலிருந்து எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தை அவள் இன்றுவரை பார்க்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. மறைப்பானேன்.

இனி ஓடி ஒளிய அவளுக்கு வேறு கை இல்லை. இந்தத் தடவை மனசு வைத்துச் செய்வாள். நான் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னீர்களென்றால் நல்லது. என்னை விட்டால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?