ஐந்தாம் பாகத்தின் ஒன்பது நிமிடங்கள்

ஐந்தாம் பாகம் மோசமான படம் என்று சொல்பவர்களை நான் கெட்டவர்கள் என்று நினைப்பதில்லை, நோரீன். ரசனை ஆளுக்கு ஆள் மாறும். காபியை ஆறுவதற்குள் குடி. வால்நட் வைத்துச் சுருட்டிய அந்த ரொட்டியும் உனக்காகத்தான் வாங்கி வைத்தேன். நீ வந்தது உன் அப்பா வெண்டலைப் பற்றிக் கேட்க. வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்துக் காகிதங்களில் கையெழுத்துப் போடப்போகிறாய், அதற்கு முன்னால் முப்பத்திநான்கு வருடம் அவரோடு பழகியவன் என்ன நினைக்கிறான் என்று தெரிய வேண்டும். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய். ஆனால் நான் ஐந்தாம் பாகத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

'மீட்டர்காரன்' வரிசையில் மொத்தம் பதினொரு படங்கள். நீ ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்று வெண்டல் வருத்தப்படுவார். கரண்ட் மீட்டர் பார்க்க ஒருவன் வருவான், நிலவறைக்குள் இறங்குவான், கொக்கிக் கத்தியோடு மேலே ஏறி வருவான். வீட்டிலிருக்கும் இளசுகள் 'யாரு அங்க?' என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள். அவ்வளவுதான் கதை. முதல் படத்தில் ஏழு பேர் சாகிறார்கள், இரண்டாவதில் பன்னிரண்டு. ஐந்தாவதில் மட்டும் ஐம்பது நிமிடத்துக்கு ஒரு ஈ, எறும்புகூடச் சாகாது. மீட்டர்காரன் வேலையை விட்டுவிட்டுத் தக்காளி வளர்க்கிறான். கையில் கத்தி இல்லை, பூவாளிதான் இருக்கிறது. அவனும் எத்தனை நாள்தான் தாங்குவான் என்று நமக்குள் ஒரு பதைப்பு ஏறிக்கொண்டே போகும். அதை ரசிக்கப் பொறுமை வேண்டும். எங்கள் மீட்டர்காரன் ரசிகர் சங்கத்தில் அது என் ஒருவனிடம்தான் இருந்தது.

வருடா வருடம் அக்டோபரில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடுவோம், அறுபது பேர் வருவார்கள். பதினொரு படங்களையும் வரிசைப்படுத்தி ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பழைய தலைக்கவசத்துக்குள் போட வேண்டும். ஐந்தாம் பாகம் ஒவ்வொரு வருடமும் கடைசி. முதலிடம் கொடுத்து ஒரே ஒரு சீட்டு இருக்கும், அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். உன் அப்பா மைக்கைப் பிடித்து வாசிப்பார்.

"ஐந்தாம் பாகத்துக்கு ஒரு ஓட்டு. யோவ் ஜெரால்ட், அந்தப் படத்துல செத்ததே ரெண்டு பேருதான்யா. ஒண்ணு தபால்காரன். இன்னொண்ணு நான், தூக்கத்துல."

கூடம் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். முப்பது வருடம் சிரித்தேன்.

நான் திருப்பிச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இது முழுப் படமே இல்லை. தணிக்கை வாரியம் கடைசி ஒன்பது நிமிடங்களை வெட்டி எறிந்துவிட்டது. தக்காளித் தோட்டத்தில் நடக்கும் அந்த மகா பயங்கரமான முடிவு இருந்திருந்தால், ஐந்தாம் பாகத்தின் காலில் மற்ற பத்துப் படங்களும் விழ வேண்டியிருக்கும். சங்கப் பத்திரிகையில் இதைப் பற்றி 'காணாமல் போன ஒன்பது நிமிடங்கள்' என்ற தலைப்பில் பதினேழு கட்டுரைகள் எழுதினேன். அதில் விழும் ஒவ்வொரு கத்திவெட்டுக்கும் வரைபடம்கூடப் போட்டிருக்கிறேன். பார்க்காமல் எப்படி வரைந்தாய் என்று உன் அப்பா கேட்பார். பக்தி இருந்தால் தெரியும் என்று சொல்வேன்.

போன கோடையில் அவர் என் வாசலில் வந்து நின்றார். கையில் துருப்பிடித்த வட்டத் தகர டப்பா, சுற்றிலும் ஒட்டுப் பட்டை.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்."

"பிஸ்கட்டா?"

"உன்னோட ஒம்பது நிமிஷம்யா."

அந்தப் படத்தின் தொகுப்பாளருடைய மனைவிக்கு அவர் பதினெட்டுக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். என்னிடம் மூச்சுவிடவில்லை. அந்த அம்மாள் கடைசியில் கார் கொட்டகையைத் துழாவி அனுப்பி வைத்திருக்கிறாள். உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி.  எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை.

"பாத்தியா?" என்று கேட்டேன்.

"திறக்கக்கூட இல்ல. முப்பது வருஷமா தொண்டை கிழியக் கத்துனவன் நீ. அக்டோபர்ல கூடத்துல போடுவோம், உன் பக்கத்துல உக்காந்துதான் பாப்பேன். நல்லா இருந்துச்சுன்னா, எல்லார் முன்னாடியும் மைக்குல சொல்றேன், நான் தோத்துட்டேன்னு."

அப்படிப்பட்ட மனிதர் உன் அப்பா. அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் மகளின் கால்பந்துப் போட்டிக்காக அவர் ஈரி நகரத்தில் உன் வீட்டுக்கு வந்திருந்தாரே, நினைவிருக்கிறதா? பூனைக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். பூனைக்கு வைத்தேன், தண்ணீரும் மாற்றினேன். பிறகு நிலவறைக்கு இறங்கினேன். தனியாக நிலவறைக்கு இறங்கக் கூடாது என்று பதினொரு படங்கள் பார்த்தவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் இறங்கினேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில்.

ஒட்டுப் பட்டையைக் கிழியாமல் உரித்தேன். அவருடைய பழைய புரொஜெக்டரில் சுருளை மாட்டினேன். மாட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். சங்கத்தில் ஒரு பேச்சு தயாரிக்க வேண்டும், முன்கூட்டியே பார்த்துக் குறிப்பெடுத்தால் அவருக்கும் உதவியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஒன்பது நிமிடங்களில் யாரும் சாகவில்லை, நோரீன். மீட்டர்காரன் சமையலறையில் உட்கார்ந்து தன் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசுகிறான். ஒரு பாட்டும் பாடுகிறான். அப்புறம் திரை மங்கலாகி, கணப்பு அடுப்புக்கு முன்னால் படுத்திருக்கும் ஒரு பழுப்பு நாய் கண்விழிக்கிறது, கொட்டாவி விடுகிறது. ஐந்து படங்களாக நடந்ததெல்லாம் அந்த நாய் கண்ட கனவாம்.

டப்பாவின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது, இயக்குநரின் கையெழுத்தோடு. 'வாரியம் வெட்டச் சொன்னது நான்கு நொடி. மீதியை நானே வெட்டினேன். வெட்கமாக இருந்தது.'

கொஞ்ச நேரம் நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தேன். பூனை வந்து மடியில் ஏறிக்கொண்டது. எனக்காக நான் வருந்தவில்லை. அந்தப் படத்தை நினைத்துத்தான் வருந்தினேன். அறுபது பேர் அந்த நாயைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு என் பதினேழு கட்டுரைகளை, வரைபடங்களோடு, யாராவது ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வெண்டல் வாசிக்கமாட்டார், அவர் பெருந்தன்மையானவர். என் தோளில் தட்டி "விடுய்யா" என்று சொல்வார். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் திருடுவது என் வழக்கமில்லை. தவிர, காணாமல் போனதை ஆட்கள் தேடுவார்கள். அழிந்துபோனதற்கு அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

உன் அப்பா துடைக்காத படத்தைப் புரொஜெக்டரில் ஏற்றமாட்டார் என்பது உனக்கும் தெரியும். திரையரங்கில் நாற்பது வருடம் வேலை பார்த்து, ஒரு பிரதியில் ஒரு கீறல்கூட விழவிடாதவர். மென்துணியைத் துடைப்புத் திரவத்தில் நனைத்து, அதன் நடுவே சுருள் முழுவதையும் அடி அடியாக ஓடவிடுவார். அந்தப் பழுப்பு நிறப் புட்டி நிலவறை அலமாரியில்தான் இருக்கும். பக்கத்திலேயே சலவை இயந்திரம், அதற்கு மேல் துணி வெளுக்கும் பிளீச். பிளீச் பட்டால் படச்சுருளில் படம் தங்காது, வழுவழுவென்று கரைந்து வந்துவிடும், வெறும் கண்ணாடித் தாள்தான் மிஞ்சும். இதையும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், தொண்ணூற்று மூன்றிலோ நான்கிலோ. நான் பழுப்புப் புட்டியில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் பிளீச்சை ஊற்றினேன். துண்டுக் காகிதத்தை என் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டேன். ஒட்டுப் பட்டையைப் பழையபடி ஒட்டினேன். பூனையின் தட்டையும் கழுவி வைத்தேன்.

வாடை காட்டிக்கொடுத்திருக்கும்தான். ஆனால் அந்தப் பெரிய காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. அது எனக்கு அப்போது நினைவில் இருந்ததா என்று நீ கேட்கலாம். இருந்தது.

அக்டோபரில் கூட்டத்தன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். நிலவறையில் ஒரே ஒரு மங்கலான விளக்கு, எதிரெதிரே இரண்டு நாற்காலி. அவர் துணியைப் பிடித்துக்கொண்டார், நான் கைப்பிடியைச் சுற்றினேன்.

"மெதுவா சுத்து, குழந்தைக்குத் தலை சீவுற மாதிரி. பாருய்யா, துணியில எவ்வளவு சாயம்! எத்தனை வருஷத்து அழுக்கோ."

"ஆமா வெண்டல், நல்லா அழுத்தித் துடை" என்றேன்.

மத்தியானம் கூடத்தில் விளக்கை அணைத்தார்கள். ஒன்பது நிமிடமும் வெள்ளை வெளிச்சம். முதல் நிமிடத்தில் யாரோ விசிலடித்தான், நான்காவது நிமிடத்தில் கூடம் அமைதியாகிவிட்டது. எட்டாவது நிமிடத்தில் ஒரு நொடி மட்டும் ஒரு பழுப்புக் காது தெரிந்து மறைந்தது. துணி சரியாகப் படாத இடம்போல. அந்தக் காதைப் பற்றி இன்றுவரை சங்கத்தில் சண்டை. அது மீட்டர்காரன் வெட்டிய காது என்று ஒரு கட்சி, ஓநாயாக மாறியவனின் காது என்று இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சியையும் மறுக்கவில்லை.

உன் அப்பா புரொஜெக்டரை நிறுத்தவே இல்லை. வெறும் சுருள் முடிந்து பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது, அவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். நான்தான் போய் அணைத்தேன். அன்று மாலை அவரே நிலவறைக்குப் போய், இரண்டு புட்டிகளில் இருந்ததையும் விரலில் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"நான்தான் மாத்தி ஊத்தி வெச்சிருக்கேன், ஜெரால்ட். எப்ப ஊத்துனேன்னு ஞாபகமே இல்லய்யா. சுத்தமா இல்ல."

ஞாபகம் எப்படி இருக்கும்? அவர் ஊற்றவே இல்லையே. ஆனால் அழுதுகொண்டிருக்கும் மனிதரிடம் வாதம் செய்வது அழகல்ல. "வயசாகுதுல்ல, வெண்டல், விடு" என்று தோளில் தட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் என்னைவிட அதிகம் தெரியும். அடுப்புக்கு மேலே, குழாய்க்கு மேலே, கதவில் எல்லாம் 'அணைத்தாயா?', 'மூடினாயா?' என்று சீட்டு ஒட்ட ஆரம்பித்தார். புரொஜெக்டரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். கார் சாவியை அவராகவே உன்னிடம் நீட்டினார். டாக்டர் ஏதாவது கேட்டால், தெரிந்த பதிலைக்கூட 'சரியாச் சொல்றேனான்னு தெரியல' என்று சொன்னாராம். பார்ப்பவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? உன் மேல் தப்பே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், அவர் மூளைக்கு ஒன்றுமில்லை. போன வியாழக்கிழமைகூடப் பதினொரு படங்களிலும் செத்தவர்களின் பெயரை வரிசையாகச் சொன்னார், எழுபத்தெட்டுப் பேர். ஒருவரைக்கூட விடவில்லை. அப்படிப்பட்டவரை இல்லத்தில் வைப்பது அநியாயம். அங்கே போய்விட்டால் எங்கள் வியாழக்கிழமையும் போய்விடும், எனக்குப் பேச வேறு ஆள் கிடையாது. கையெழுத்துப் போடாதே. சாட்சி வேண்டுமென்றால் இதோ அந்தத் துண்டுக் காகிதம், படித்துவிட்டுத் திருப்பிக் கொடு. இப்படிப் பார்க்காதே, நோரீன். நானாக அல்லவா சொன்னேன்? நீ என்னைக் கண்டுபிடிக்கவில்லையே.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

காரணம் இருக்கிறது. அவ்வளவு நடந்த பிறகும் அன்று இரவு கூடத்தில் வாக்கெடுப்பு வைத்தோம், வழக்கத்தை விடமுடியாதல்லவா? தலைக்கவசத்திலிருந்து ஐந்தாம் பாகத்துக்கு முதலிடம் கொடுத்து இரண்டு சீட்டுகள் வந்தன. இரண்டாவது உன் அப்பாவின் கையெழுத்து. எழுந்து நின்று, ஒலிபெருக்கி இல்லாமலேயே சொன்னார்.

"ஜெரால்ட் சொன்னது சரி. அந்தக் காதைப் பாத்தாலே தெரியுது, எவ்வளவு பெரிய முடிவா இருந்திருக்கும்னு. நான் அதை அழிச்சிட்டேன். நான் தோத்துட்டேன்."

எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். முப்பது வருடம் கழித்து, நான் ஒரு வார்த்தை வற்புறுத்தாமல், தானாகவே யோசித்துத் தெளிவாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். இந்த வயதில் போய் அவரைக் குழப்பாதே.